பாவு சரியாக இருந்தால்தான் பட்டு!

    

"வாழ்க்கையிலே ஒருவர் உயரப் பெரிதும் துணை நிற்பது பள்ளிப் படிப்பா? கல்லூரிப் படிப்பா?" இதுதான் தலைப்பு. நான் பள்ளிப் படிப்பே என்று பேச வந்திருக்கிறேன். நடுவர் ஐயா என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "யோவ், நீ கல்லூரியிலே சம்பளம் வாங்குகிறவன், பள்ளிக்கூடத்துக்கா பரிந்து பேசுறே?" என்று அந்தச் சிரிப்புக்கு அர்த்தம். (சிரிப்பு) ஐயா, கல்லூரியிலே இத்தனை வருஷமாகப் பாடம் நடத்துகிறேனே, அதனாலேதான் பேசுகிறேன். மாவு எப்படி அரைபட்டு வந்திருக்கிறது என்று இட்லி ஊற்றுகிறவனுக்குத்தானே தெரியும்? குடலை இட்லி ஊர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லவேண்டுமா? (கைதட்டல்)

எனக்கு முன்னாலே பேசிய எதிரணித் தம்பி நன்றாகப் பேசினார். "கணித மேதை ராமானுஜன் பரீட்சையிலே தோற்றவர்தானே! பள்ளிப் படிப்பும் மார்க்கும் என்ன செய்துவிட்டது?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். தம்பி, ராமானுஜன் தோற்றது உண்மை. எங்கே தோற்றார்? அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டீர்களே!

சின்ன வயதிலே இந்தக் காஞ்சிபுரத்திலே தாத்தா வீட்டில் கொஞ்ச காலம் இருந்த பிள்ளை அவர். 1897-லே ஆரம்பப் பள்ளித் தேர்வு எழுதினார். தமிழ், ஆங்கிலம், பூகோளம், கணக்கு எல்லாம் சேர்த்து மாவட்டத்திலேயே முதல் இடம். கும்பகோணம் டவுன் உயர்நிலைப் பள்ளியிலே படித்தார். 1904-லே பள்ளியை விட்டு வரும்போது கணக்கிலே பரிசு வாங்கிக்கொண்டு வந்தார். கார் என்கிற ஆங்கிலேயர் எழுதிய கணிதத் தொகுப்பு நூல் அவர் கைக்குக் கிடைத்ததும் 16 வயதிலே, பள்ளிப் பிள்ளையாக இருந்தபோதுதான். அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்ட புத்தகம் அது. பிறகு கும்பகோணம் கல்லூரியிலே சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்றதெல்லாம் போச்சு, உதவித்தொகையும் போச்சு. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். 1906-லும் 1907-லும் எஃப்.ஏ. தேர்விலே தோல்வி. ஆக, அவர் ஜெயித்தது பள்ளியிலே, தோற்றது கல்லூரியிலே! (பலத்த கைதட்டல்) கேம்பிரிட்ஜுக்கு 1914-லே போனாரே, அப்போது கையிலே கல்லூரிப் பட்டம் கிடையாது. பள்ளியிலே பற்றிக்கொண்ட கணக்கும், அதை எழுதி எழுதி நிரப்பிய நோட்டுகளும்தான் கூடப் போயின. 1918-லே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. தம்பி, நீங்கள் எங்களுக்குச் சாட்சி தேடிக் கொடுத்திருக்கிறீர்கள், ரொம்ப நன்றி! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, பள்ளிப் படிப்பு என்று நான் சொல்வது வெறும் மார்க்கை இல்லை. அதற்கு விளக்கம் சொல்ல வேறு ஊருக்குப் போகவேண்டியதில்லை. இந்த ஊர்த் தெருவிலேயே இருக்கிறது.

விடியற்காலையிலே நெசவாளர் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பாவு நீட்டியிருப்பார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். கஞ்சி போடுவார்கள், சிக்கு எடுப்பார்கள், அறுந்த இழையைத் தேடித் தேடி முடிவார்கள். அப்புறம் அச்சிலே ஒவ்வொரு இழையாகப் பிணைக்கவேண்டும். இத்தனைக்கும் இன்னும் ஒரு அங்குலம்கூட நெய்திருக்க மாட்டார்கள்! இது முடிந்த பிறகுதான் தறியிலே உட்கார்ந்து நாடாவை ஓட்டுவது, ஊடை போடுவது, ஜரிகை போடுவது எல்லாம்.

கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? ஜரிகையைப் பார்க்கிறார்கள். "எவ்வளவு வெள்ளி, எவ்வளவு தங்கம்?" என்று கேட்கிறார்கள். பாவைப் பற்றி யாராவது கேட்டதுண்டா? ஆனால் பாவிலே ஓர் இழை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற நெசவாளர்களைக் கேளுங்கள். ஊடையிலே ஒரு தப்பு நடந்தால் அந்த இடத்தோடு போகும். பாவிலே இழை விட்டால் அந்தக் கோடு புடவை நெடுக வரும்! பள்ளிக்கூடம் பாவு. கல்லூரி ஊடை. மார்க் என்பது ஜரிகை. (கைதட்டல்) நாம் என்ன செய்கிறோம்? ஜரிகையை உரசி உரசிப் பார்க்கிறோம், பாவை மறந்துவிடுகிறோம்.

மறந்ததற்கு ஆதாரம் கேட்கிறீர்களா? நம்முடைய 11-ஆம் வகுப்பு! 1978-லே தமிழ்நாட்டிலே மேல்நிலைக் கல்வி வந்தது. 11, 12 என்று 2 வருஷம். 12-ஆம் வகுப்பு மார்க்கை வைத்துத்தான் தொழிற்கல்லூரியிலே இடம் என்று ஆனதும் சில பள்ளிகள் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தன. 11-ஆம் வகுப்புப் பாடத்தைத் தொடவே தொடாமல், 12-ஆம் வகுப்புப் பாடத்தையே 2 வருஷமும் போட்டு அரைப்பது! பிள்ளைகள் மார்க்கைக் குவித்தார்கள். பேப்பரிலே படம் வந்தது, இனிப்பு கொடுத்தார்கள். யாருக்கும் குறை தெரியவில்லை.

பொறியியல் கல்லூரியிலே கணக்கு நடத்துகிற என் நண்பர் ஒருவர் சொன்னார். முதல் வாரம் வகுப்பிலே, "இது நீங்க 11-லேயே படிச்சதுதான்" என்று சொல்லி அடுத்த பகுதிக்குப் போகப் பார்த்திருக்கிறார். 12-லே கணக்கிலே முழு மார்க் வாங்கின பையன் எழுந்து, "சார், எங்க ஸ்கூல்ல 11-ஆம் வகுப்புன்னு ஒண்ணு நடக்கவே இல்லையே சார்!" என்றானாம். (சிரிப்பு) சிரிக்கிறோம். அந்தப் பையன் சிரிக்கவில்லை ஐயா. வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதத்துக்கு அரிச்சுவடி 11-லே இருக்கிறது. நியூட்டனுடைய விதிகள் 11-லே இருக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு வந்த பிள்ளை முதல் செமஸ்டரிலேயே அரியர் வைக்கிறான். ஊரே கொண்டாடின பிள்ளை, விடுதி அறையிலே விளக்கை அணைத்துவிட்டு, "எனக்கு மூளை இல்லையோ?" என்று அழுகிறான். மூளை இருக்கிறது தம்பி. உன் பாவிலே இழையை உருவிவிட்டார்கள்!

இதைத் தடுக்கத்தானே 2017-18 கல்வியாண்டிலே 11-ஆம் வகுப்புக்கும் அரசாங்கம் பொதுத்தேர்வு வைத்தது? முதலிடம், இரண்டாமிடம் என்று ரேங்க் அறிவிக்கிற வழக்கத்தையும் 2017-லேயே நிறுத்தினார்கள். பிள்ளைகளுக்குச் சுமை கூடுகிறது என்பதாலே, 2025-லே வந்த மாநிலக் கல்விக் கொள்கை 11-ஆம் வகுப்புப் பொதுத்தேர்வைக் கைவிட்டது. சுமை குறைந்தது நல்லதுதான். ஆனால் இனிமேல் காவல்காரர் யார்? பெற்றோர்களே, நீங்கள்தான்! 11-ஆம் வகுப்புப் பிள்ளையிடம் "எத்தனை மார்க்?" என்று கேட்பதற்கு முன்னாலே, "இன்னைக்கு எந்தப் பாடம் நடந்தது?" என்று கேளுங்கள். சில வீட்டிலே 11-ஆம் வகுப்புப் புத்தகம் அத்தி வரதர் மாதிரி. அவர் 1979-லே வந்தார், அப்புறம் 2019-லே வந்தார். இந்தப் புத்தகம் அந்த அளவுக்குக்கூட வெளியே வருவதில்லை! (பலத்த சிரிப்பு)

கணக்கிலே மட்டும் இப்படியா என்றால், என் தமிழும் தப்பவில்லை. முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் காய்ச்சலிலே 2 நாள் வரவில்லை. "விடுப்பு விண்ணப்பம் எழுதிக் கொடு தம்பி" என்றேன். அழகான கையெழுத்திலே எழுதிக்கொண்டு வந்தான். "எனது தமக்கையின் திருமணத்தை முன்னிட்டு" என்று தொடங்குகிறது! "என்னப்பா, அக்காவுக்குக் கல்யாணமா? சொல்லவே இல்லையே?" என்றேன். "எனக்கு அக்காவே இல்லீங்க ஐயா. எங்க நோட்ஸ்ல அந்த லெட்டர்தான் இருந்துச்சு" என்கிறான்! (சிரிப்பு, கைதட்டல்) 12-லே தமிழிலே நல்ல மார்க் வாங்கின பிள்ளை. இல்லாத அக்காவுக்குக் கல்யாணம் பண்ணத் தெரிகிறது, தனக்கு வந்த காய்ச்சலை எழுதத் தெரியவில்லை. நாளைக்கு வேலைக்குப் போய், தன் மேலதிகாரிக்கு நடந்ததை நடந்தபடி 4 வரி எழுதவேண்டாமா?

"அதைக் கல்லூரி சரி பண்ணாதா?" என்பார் எதிரணி அம்மையார். பண்ணும் அம்மா, ஓரளவுக்குப் பண்ணும். இன்னொரு மாணவி, நெசவாளர் வீட்டுப் பெண், அரசுப் பள்ளியிலே படித்தவள். மார்க் சுமார்தான், ஆங்கிலம் தடுமாறும். ஆனால் முதல் நாளே எழுந்து நின்று, "ஐயா, புரியலீங்க, இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள். "இந்தத் தைரியம் எப்படிம்மா வந்தது?" என்று கேட்டேன். "எங்க டீச்சர் தினம் ஒருத்தராவது கேள்வி கேட்டாத்தான் வகுப்பை விடுவாங்க ஐயா" என்றாள். வள்ளுவர் கல்வி என்று ஓர் அதிகாரம் வைத்தார், அடுத்துக் கல்லாமை வைத்தார், அதற்கு அடுத்து என்ன வைத்தார் தெரியுமா? கேள்வி! அந்தப் பெண்ணுக்கு ஜரிகை கம்மி, பாவு கெட்டி. இன்றைக்கு அவளே ஓர் ஆசிரியை. 3 வருஷத்திலே நான் அவளுக்கு நிறையக் கற்றுக்கொடுத்தேன், மறுக்கவில்லை. ஆனால் கற்றுக்கொள்கிற பழக்கத்தைக் கொடுத்தது நானில்லை, பெயர் தெரியாத அந்தப் பள்ளிக்கூட டீச்சர்! (பலத்த கைதட்டல்)

கொஞ்சம் மனத்தைத் தொட்டுப் பேசுகிறேன் நடுவர் அவர்களே. கோர்வைச் சேலை நெய்யும்போது உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். நெய்கிறவர் ஒருவர், பக்கத்திலே உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க இன்னொருவர். ஒரு காலத்திலே இந்த ஊரிலே அந்த இன்னொருவர் பல தறிகளிலே ஒரு குழந்தை. அப்பா வாங்கின முன்பணத்துக்காக உட்கார்ந்த குழந்தை. பள்ளிக்கூட மணி அடிப்பது காதிலே விழும். எழுந்து போகமுடியாது.

அந்தக் குழந்தையை எழுப்பிக் கூட்டிப்போகத்தான் எத்தனை பேர் பாடுபட்டார்கள்! காமராசர் 1956-லே மதிய உணவு போட்டார். எம்.ஜி.ஆர். 1982-லே அதைச் சத்துணவாக விரித்தார். 2022-லே காலைச் சிற்றுண்டியும் வந்தது. 1986-லே குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் வந்தது. 2016-லே அதைத் திருத்தி, 14 வயதுக்குள்ளே எந்த வேலைக்கும் பிள்ளையை வைக்கக்கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலிலே உதவலாம் என்று ஒரு சின்ன வாசல் விட்டிருக்கிறார்கள். அந்த வாசல் வழியாக மறுபடியும் பிள்ளை தறிக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

எதிரணியினரே, உங்கள் கல்லூரி எவ்வளவு உயர்ந்ததாகவும் இருக்கட்டும். நாடா பிடித்த அந்தப் பிஞ்சுக் கைக்கு அது என்ன செய்தது? வாசலிலே நின்று, "பள்ளிச் சான்றிதழ் எங்கே?" என்றுதானே கேட்டது! பின்னாலே தட்டுத் தடுமாறிப் படித்து மேலே வந்தவர்கள் உண்டு. அவர்களும் முதலிலே தனித்தேர்வராகப் பள்ளித் தேர்வை எழுதிவிட்டுத்தானே வந்தார்கள்? 2020-லே மருத்துவக் கல்லூரியிலே 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கினார்களே, யாருக்கு? 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலே படித்து, நீட் தேறிய பிள்ளைகளுக்கு. கல்லூரிக் கதவுக்குச் சாவி பள்ளிக்கூடத்திலேதான் இருக்கிறது ஐயா! (கைதட்டல்)

கடைசியாக ஒன்று. 1909-லே இந்த ஊரிலே ஒரு நெசவாளர் குடும்பத்திலே ஒரு பிள்ளை பிறந்தது. இங்கே பச்சையப்பன் பள்ளியிலே படித்தது. வீட்டிலே கஷ்டம். படிப்பை விட்டு, இதே ஊர் நகராட்சி அலுவலகத்திலே கொஞ்ச காலம் எழுத்தர் வேலை பார்த்தது. அப்புறம் 1928-லே சென்னைக்குப் போய்ப் பச்சையப்பன் கல்லூரியிலே சேர்ந்து, பொருளாதாரமும் அரசியலும் படித்தது. 1967-லே மாநிலத்தின் முதலமைச்சரானது. அறிஞர் அண்ணா! (பலத்த கைதட்டல்) நான் அரசியல் பேசவில்லை, படிப்பைப் பேசுகிறேன். வறுமை வந்து நடுவிலே தறியை நிறுத்தியது. ஆனால் போட்ட பாவு அப்படியே இருந்தது. திரும்ப வந்து உட்கார்ந்தபோது நெய்ய முடிந்தது. பாவே போடாதிருந்தால்?

ஆகவே நடுவர் அவர்களே, கல்லூரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கும் சம்பளம் வரவேண்டும்! (சிரிப்பு) ஊடை இல்லாமல் புடவை ஏது? ஆனால் ஊடையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், ஜரிகையைக் கூட்டலாம், குறைக்கலாம். பாதிப் புடவை நெய்த பிறகு பாவைப் பிரித்துப் போட முடியாது. அதனாலே, வாழ்க்கையிலே உயரப் பெரிதும் துணை நிற்பது பள்ளிப் படிப்பே, பள்ளிப் படிப்பே என்று தீர்ப்பு வழங்குமாறு பணிவோடு கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். 

(பலத்த கைதட்டல்)