கத்தும் கட்டிலுக்குக் கைவைத்தியம்



நடுச்சாமத்தில் ஒருவர் புரண்டு படுத்தால் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் எழுப்பிவிடும் கட்டில்கள் நம் கொங்குச் சீமையில் நிறைய உண்டு. கல்யாணச் சீரில் வந்தது என்பதால் தூக்கிப் போடவும் மனசு வராது. "மரம் சரியில்லீங்க, வித்துப்போட்டு வேற வாங்கிருங்க" என்று யாராவது யோசனை சொல்வார்கள். பாவம், அந்த மரம். உளுத்துப்போன மரம் எதுவும் அப்படிக் கத்தாது, உடைந்துதான் விழும். சத்தம் பெரும்பாலும் வருவது சட்டமும் காலும் சேருகிற இணைப்பு தளர்ந்த இடத்திலிருந்து.

இணைப்பு ஏன் தளர்கிறது? அறுத்துக் காயவைத்த பிறகும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். நார் ஓடும் திசையில் அதன் நீளம் மாறுவதே தெரியாது. குறுக்குவாட்டில் மட்டும் சுருங்கும், உப்பும். நம் ஊரில் மாசி, பங்குனி வந்தால் காற்று வறண்டுவிடுகிறது. ஐப்பசியில் அடைமழை. இந்த இரண்டுக்கும் நடுவே ஆண்டுதோறும் சுருங்கி விரிந்து, காலில் தோண்டிய துளைக்குள் சட்டத்தின் நாக்கு மெல்ல மெல்லத் தளர்ந்துபோகிறது. மழைக்காலத்தில் வாயை மூடிக்கொண்டிருந்த கட்டில் கோடையில் கத்துவது இதனால்தான்.

இந்த அசைவு எல்லா மரத்துக்கும் ஒரே அளவில் இருக்காது. தேக்கு மிகக் குறைவாக அசையும். 19ஆம் நூற்றாண்டில் ஆனைமலைத் தேக்கைப் பம்பாய்க் கப்பல் தளம் வரைக்கும் கொண்டுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். கோவை கௌலி பிரவுன் சாலையில், வனக் கல்லூரி வளாகத்தில் 1902இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் இருக்கிறது. நம் காட்டு மரங்களின் துண்டுகளை அங்கே வரிசையாக வைத்திருக்கிறார்கள். கட்டில் வாங்கப் போகிறவர்கள் கடைக்கு முன்னால் அங்கே ஒரு நடை போய் வரலாம் என்பது என் கட்சி.

இனி சத்தத்துக்கு வருவோம். உரசும் இரண்டு பரப்புகளும் கொஞ்சம் ஒட்டி நிற்கும், பாரம் ஏறியதும் பிய்த்துக்கொண்டு வழுக்கும், மறுபடி ஒட்டும். ஒரே நொடியில் இது பல தடவை நடந்தால் "கிரீச்". வயலின் தந்தியில் வில் எழுப்பும் ஒலிக்கும் இதே கணக்குதான். அங்கே நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று வில்லுக்கு ரோசின் தேய்க்கிறார்கள். கட்டிலிலோ பிடிக்கவே கூடாது என்று மெழுகு தேய்க்கிறோம்.

இந்த வேலையில் கைத்திறன் கால்வாசி, சத்தம் கிளம்பும் இடத்தைக் கண்டுபிடிப்பது முக்கால்வாசி. மெத்தையை எடுத்துவிடுங்கள். ஒருவர் தலைமாட்டு மூலையைப் பிடித்து மெதுவாக ஆட்டட்டும். இன்னொருவர் காலும் சட்டமும் சேருகிற இடத்தில், இரண்டிலும் படும்படி விரலை வைத்துக்கொள்ளட்டும். காது சில சமயம் ஏமாற்றும். தலைமாட்டில் கிளம்பிய சத்தம் சட்டம் வழியாக ஓடி, கால்மாட்டில் கேட்கும். விரல் ஏமாறாது. ஒரு மரம் நின்று இன்னொன்று நகர்ந்தால் நுனிவிரலுக்கு உடனே தெரிந்துவிடும். நான்கு மூலையும் ஆனபின் நடுப்பலகைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பாருங்கள். தலைமாடு சுவரில் இடிக்கிறதா, நான்கு காலும் தரையில் படிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கால் அடியில் காகிதத் துண்டு தாராளமாக நுழைந்தால் குறை தரையில். அட்டையை மடித்து வைத்தாலே போதும், வேலை முடிந்தது.

பலகைதான் கத்துகிறது என்றால் அது உட்காரும் விளிம்பில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள், அல்லது பழைய சைக்கிள் ட்யூபை நறுக்கி அடியில் வையுங்கள். போல்ட் போட்ட கட்டிலை வெறுமனே முடுக்கிப் பயனில்லை. போல்ட்டின் தலை மரத்தைக் குழி பறித்திருக்கும். அகலமான வாஷர் ஒன்று போட்டுவிட்டு முடுக்க வேண்டும். திருகாணி பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால், மூங்கில் குச்சியில் பெவிகால் தடவி ஓட்டையில் இறக்கி, மட்டமாக வெட்டிவிட்டு, மறுநாள் திருகுங்கள்.

நாக்கே தளர்ந்துவிட்டால் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இணைப்பைப் பிரித்துப் பழைய பசையைச் சுரண்டி, நாக்கின் பக்கவாட்டில் மெல்லிய மரச்சீவலை ஒட்டித் தடிமன் ஏற்றி, புதுப்பசை தடவித் துளைக்குள் இறக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கும் கருவி வீட்டில் இல்லையென்றால் கட்டிலைச் சுற்றிக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். முறுக்கியதும் மூலைக்கு மூலை ஒரு நூல் பிடித்துப் பாருங்கள். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால்தான் கட்டில் கோணாமல் நிற்கிறது என்று அர்த்தம். ஒரு நாள் முழுக்க அதன்மேல் யாரும் உட்காரக்கூடாது. குழந்தைகள் உள்ள வீட்டில் இதுதான் மிகக் கஷ்டமான கட்டம்.

ஆணி மட்டும் அடித்துவிடாதீர்கள். சத்தம் கேட்டவுடன் சுத்தியலைத் தேடுவது நம்மவர்களின் பழக்கம். ஆணி சில வாரம் வாயடைக்கும், பிறகு அதுவே ஆடி நாக்கைப் பிளந்துவிடும். அப்புறம் ஆசாரியால்கூட இணைப்பைப் பிரிக்க முடியாது. தேங்காய் எண்ணெயும் வேண்டாம். மரம் குடித்துவிட்டால் அந்த இடத்தில் பசை ஒட்டவே ஒட்டாது.

பழைய கிராமத்துக் கட்டில்களில் சிலவற்றுக்கு நாக்கு காலைத் துளைத்து வெளியே நீட்டியிருக்கும், அதில் ஆப்பு செருகியிருக்கும். மரம் சுருங்கும் என்று தெரிந்தே ஆசாரிமார் செய்த ஏற்பாடு அது. பங்குனியில் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டினால் கட்டில் மறுபடி இறுகிவிடும். பசையே தேவையில்லை, ஊர் மாறிப் போவதானால் ஆப்பைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிடலாம். ஐப்பசியில் மட்டும் அதைத் தட்டக்கூடாது. உப்பிய மரம் பிளந்துகொள்ளும். என் மதிப்பில் இதைவிட மேலான கட்டில் இணைப்பு கிடையாது. இன்று கடைகளில் பளபளவென்று நிற்கும் பார்ட்டிகிள் போர்டு கட்டிலில் திருகாணி ஒருமுறை தளர்ந்துவிட்டால் பிடிக்க நார் இல்லை, தூள்தான் உதிரும். அதற்கு எல் வடிவ இரும்புப் பட்டை வைத்து, பலகையைத் துளைத்து மறுபக்கம் நட் போடுவது ஒன்றே வழி.

அதனால் அடுத்த முகூர்த்தத்துக்குச் சீர் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடையில் மெத்தையை அமுக்கிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். கட்டிலின் மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். "இத எப்படீங்க கழட்டறது, எங்கீங்க முடுக்கறது?" என்று கேளுங்கள். காட்டத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.