அது அடம் அல்ல

 

இன்று ஆட்டிசம் என்ற குறைபாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். தமிழில் இதை மதியிறுக்கம் என்றும் சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது. 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் உண்டு என்பது அந்தக் கணக்கு. அப்படியானால் நம் தெருவிலும் ஒரு பிள்ளை இருக்கலாம்.

அந்தப் பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. நம் கண்ணைப் பார்ப்பது குறைவாக இருக்கும். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாது. பேச்சு வராது. அல்லது வந்த பேச்சு நின்றுவிடும். சில பிள்ளைகள் நன்றாகப் பேசும். ஆனால் நாம் கேட்ட கேள்வியையே திருப்பிச் சொல்லும். செருப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கும். கைகளை உதறும். சில சத்தங்களைக் கேட்டால் காதைப் பொத்திக்கொள்ளும். வழக்கமாகப் போகும் வழி மாறினால் அழும். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவை எல்லாம் இருக்காது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம்.

இது எதனால் வருகிறது? மூளை வளரும் விதத்தில் ஒரு வேறுபாடு. அவ்வளவுதான். பேய் பிடித்ததால் வருவதில்லை. தடுப்பூசியால் வருவதில்லை. தாய் செய்த பாவத்தாலும் வருவதில்லை. தாய் பாசம் காட்டாததால் ஆட்டிசம் வருகிறது என்று 1950களில் மேல்நாட்டு மருத்துவர்கள் சிலர் சொன்னார்கள். அது தவறு என்று பிறகு ஆராய்ச்சி காட்டிவிட்டது. ஆகவே, மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

"இதற்கு மருந்து உண்டா?" என்று கேட்பீர்கள். ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. தாயத்து, வேர், விலை உயர்ந்த ஊசி என்று சொல்லிப் பலர் பணம் கேட்பார்கள். மூன்று மாதத்தில் குணம் என்பார்கள். அவர்களை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள். ஆனால் மனம் தளரவும் வேண்டாம். மருந்து இல்லாவிட்டாலும் பயிற்சி உண்டு. அதற்கு நடத்தைப் பயிற்சி என்று பெயர்.

நடத்தைப் பயிற்சி என்றால் என்ன? அதில் இரண்டு வேலைகள் உள்ளன. பிள்ளை ஏன் அப்படிச் செய்கிறது என்று கண்டுபிடிப்பது ஒன்று. வேண்டிய வேலையைச் சின்னச் சின்னப் படியாகக் கற்றுத் தருவது மற்றொன்று.

முதல் வேலையைப் பார்ப்போம். ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்குப் பேச வராது. தினமும் தலையைச் சுவரில் முட்டிக்கொள்கிறான். "அடம் பிடிக்கிறான்" என்று வீட்டில் அடிக்கிறார்கள். அடித்தால் முட்டுவது கூடுகிறது.

முதலில் அவனை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் வலி இருக்கலாம். காது வலி இருக்கலாம். அவனால் சொல்ல முடியாது. வலி இல்லை என்று தெரிந்தால், ஒரு நோட்டை எடுங்கள். பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டத்தில், முட்டுவதற்கு முன்னால் என்ன நடந்தது என்று எழுதுங்கள். இரண்டாம் கட்டத்தில், அவன் என்ன செய்தான் என்று எழுதுங்கள். மூன்றாம் கட்டத்தில், அதற்குப் பின் நாம் என்ன செய்தோம் என்று எழுதுங்கள். ஒரு வாரம் இப்படி எழுத வேண்டும்.

நாம் கற்ற எழுத்துக்கு இதைவிட நல்ல வேலை உண்டா? அம்மா எழுதிய இந்த நோட்டு, பயிற்சி தருபவருக்கும் பெரிய உதவி.

ஒரு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள். முன்னால் நடந்தது: அம்மா அடுப்பு வேலையில் இருந்தாள். அவன் செய்தது: தலையை முட்டினான். பின்னால் நடந்தது: அம்மா ஓடிவந்து பிஸ்கட் கொடுத்தாள். நாலு நாளும் இதே கதை. இப்போது புரிகிறதா? அவனுக்குப் பசி. கேட்க வாய் இல்லை. முட்டினால் பிஸ்கட் வருகிறது என்று கற்றுக்கொண்டான். அவன் அடம் பிடிக்கவில்லை. தனக்குத் தெரிந்த வழியில் கேட்கிறான்.

ஆகவே, கேட்பதற்கு வேறு வழி கற்றுத் தர வேண்டும். பிஸ்கட் படம் ஒட்டிய ஒரு அட்டை செய்யுங்கள். அவன் கையைப் பிடித்து அந்த அட்டையை அம்மாவிடம் கொடுக்கச் செய்யுங்கள். கொடுத்த உடனே பிஸ்கட் தர வேண்டும். அட்டை கொடுத்தால் பிஸ்கட் வரும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்துவிட்டால் முட்டுவது மெல்ல மெல்லக் குறையும். ஆனால் அடிபடும்படி முட்டினால் அப்போதே தடுத்துக் காப்பாற்ற வேண்டும்.

இன்னொரு பிள்ளையின் நோட்டில் வேறு காரணம் இருக்கலாம். குக்கர் விசில் அடிக்கும்போதெல்லாம் அலறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு அட்டை வேண்டாம். விசில் வருவதற்கு முன்பே அவளை வெளியே அழைத்துப் போனால் போதும். காரணம் வேறு என்றால் வழியும் வேறு.

இனி, இரண்டாவது வேலை. கை கழுவுவது நமக்கு ஒரே வேலை. அந்தப் பிள்ளைக்கு அது ஏழு வேலை. குழாயைத் திறக்க வேண்டும். கையை நனைக்க வேண்டும். சோப்பை எடுக்க வேண்டும். கையைத் தேய்க்க வேண்டும். நுரை போகக் கழுவ வேண்டும். குழாயை மூட வேண்டும். துண்டில் துடைக்க வேண்டும்.

ஏழையும் ஒரே நாளில் சொன்னால் குழம்பிவிடும். ஒவ்வொரு படியாகச் சொல்லித் தர வேண்டும். கடைசிப் படியில் தொடங்குவதும் ஒரு முறை. ஆறு படிகளுக்கு நாம் கைபிடித்து உதவுகிறோம். துடைப்பதை மட்டும் பிள்ளையே செய்கிறது. வேலையை முடித்த மகிழ்ச்சி பிள்ளைக்குக் கிடைக்கிறது. பிறகு, குழாயை மூடுவதையும் அதனிடம் விடுகிறோம். இப்படி ஒவ்வொரு படியாக நம் கையை விலக்கிக்கொள்கிறோம்.

சரியாகச் செய்த அந்த நிமிடமே பாராட்ட வேண்டும். "நன்றாகத் துடைத்தாய்" என்று சொல்லலாம். ஊஞ்சலில் ஆட்டலாம். பிடித்த பாட்டைப் போடலாம். எது பிடிக்கும் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். சாயந்தரம் வந்து பாராட்டினால் எதற்கு என்று பிள்ளைக்குப் புரியாது.

தோழர்களே, இந்த முறை உங்களுக்குப் புதிது இல்லை. நம் மையத்துக்கு நீங்கள் வந்த முதல் நாளை நினைத்துப் பாருங்கள். 247 எழுத்தையும் அன்றே எழுதச் சொன்னோமா? இல்லை. கையைப் பிடித்து ஒரு எழுத்து எழுதினோம். பிறகு கையை விட்டோம். கோணலாக வந்தாலும் கைதட்டினோம். அப்படித்தான் இந்தப் பிள்ளையும் கற்கும். உங்களுக்கு ஆன நாளைவிட அதற்கு அதிக நாள் ஆகலாம்.

"அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழி உண்டு. இந்தப் பழமொழி இங்கே உதவாது. அமெரிக்காவில் லோவாஸ் என்ற பேராசிரியர் 1960களில் இந்தப் பயிற்சியைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அறைவதும், மின் அதிர்ச்சி கொடுப்பதும்கூடப் பயிற்சியில் இருந்தன. அந்த வழி தவறு என்று பிறகு பலரும் கைவிட்டார்கள். இன்று நல்ல பயிற்சியில் அடி கிடையாது. கட்டிப் போடுவது கிடையாது. பட்டினி போடுவதும் கிடையாது. யாராவது அப்படிச் செய்தால், பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர் இப்போது தங்கள் அனுபவத்தைச் சொல்கிறார்கள். "கையை உதறினால் எங்கள் மனம் அமைதி அடைகிறது. அதை ஏன் தடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. யாருக்கும் தீங்கு இல்லாத பழக்கத்தை விட்டுவிடலாம். பிள்ளையை ஊரார் பிள்ளை மாதிரி காட்டுவதற்காகப் பயிற்சி இல்லை. சாப்பிட, குளிக்க, வேண்டியதைக் கேட்க, வேண்டாததை மறுக்க அது கற்க வேண்டும். பயிற்சி அதற்காகத்தான்.

உதவிக்கு எங்கே போவது? முதலில் அங்கன்வாடி ஆசிரியரிடம் சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பிள்ளையைக் காட்டுங்கள். காது கேட்கிறதா என்ற சோதனை முதலில் செய்ய வேண்டும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், பல மாவட்டங்களில் இதற்கென்று மையங்கள் உள்ளன. எவ்வளவு சின்ன வயதில் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. வயது கூடிவிட்டாலும் தொடங்கலாம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 1995இல் வந்த ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. பெற்றோர்கள் விடாமல் கேட்டார்கள். தில்லியில் மேரி பருவா என்ற தாய் தன் மகனுக்காகத் தேடி அலைந்தார். 1991இல் ஆட்டிசத்துக்கென்றே ஒரு அமைப்பைத் தொடங்கினார். 1999இல் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 ஊனங்களில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஊனம் என்று சான்றிதழ் உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அதனால் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றவர்களிடம் பேசிப் பாருங்கள். "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்றுதான் கேட்பார்கள். அந்தப் பயத்தை ஒரே நாளில் போக்க முடியாது. ஆனால் கை கழுவக் கற்ற பிள்ளை, சட்டை போடக் கற்கும். பிஸ்கட் கேட்கக் கற்ற பிள்ளை, வலிக்கிறது என்று சொல்லக் கற்கும். ஒவ்வொன்றாலும் அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

நாமும் ஒரு உதவி செய்யலாம். கடைத்தெருவில் ஒரு பிள்ளை அலறினால் சுற்றி நின்று வேடிக்கை பார்க்காதீர்கள். "நாலு போடு போடு" என்று யோசனை சொல்லாதீர்கள். "நான் என்ன செய்யட்டும், அக்கா?" என்று அந்தத் தாயைக் கேளுங்கள்.