ஆளை அனுப்பவில்லை, மகனையே தந்தார்



இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று நீளும் இந்தத் தொழிற்பேட்டைப் பகுதியில், நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு கம்பெனிச் சீருடையிலேயே ஞாயிறு திருப்பலிக்கு வருவோர் உண்டு. அவர்களுள் ஓர் இளைஞர், ஒப்பந்தத் தொழிலாளி, ஒரு நாள் நம்மிடம் கேட்டார்: "ஃபாதர், கடவுள் மகனை அனுப்பினார்னு சொல்றீங்க. எங்களுக்கு ஒரு பிரச்சினைன்னா முதலாளி வரமாட்டார், ஆளைத்தான் அனுப்புவார். இதுவும் அப்படித்தானா?"

திருஅவையையே உலுக்கிய கேள்வி இது. நான்காம் நூற்றாண்டில், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்ற குரு, மகன் படைப்புகளில் தலைசிறந்தவர், ஆனாலும் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். அப்படியானால் கடவுள் வரவில்லை. தமக்கு அடுத்த நிலையில் உள்ளவரை அனுப்பினார் என்றாகிறது. இன்றைய துருக்கியிலுள்ள நிசேயா நகரில் 325-ஆம் ஆண்டு கூடிய ஆயர்கள் இதை மறுத்தார்கள். மகன் உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையிடமிருந்து பிறந்தவர், தந்தையோடு ஒரே இறை இயல்பு கொண்டவர் என்று அறிக்கையிட்டார்கள். அதன் 1700-ஆம் ஆண்டைத் திருஅவை 2025-இல் கொண்டாடியது. ஞாயிறுதோறும் நம்பிக்கை அறிக்கையில் நாம் சொல்வதும் இதுவே.

உண்டாக்குவதற்கும் பெற்றெடுப்பதற்கும் உள்ள வேறுபாடு நம் பகுதி மக்களுக்குத் தெரியாததா? நாள் முழுவதும் லைனில் நின்று கார் செய்கிறோம். அதில் நம் உழைப்பு இருக்கிறது, நம் உயிர் இல்லை. கேட்டைத் தாண்டிவிட்டால் அது யாருடைய காரோ! நாம் பெற்ற பிள்ளை அப்படியல்ல. மனிதருக்குப் பிறந்த பிள்ளை மனிதரே. கடவுளின் மகன் கடவுளே.

"அப்பா மூத்தவர், பிள்ளை பிறகு வந்தவர்தானே?" என்று தோன்றலாம். நம் வீடுகளில் அப்படித்தான். ஆனால், பிள்ளை வரும்வரை யாரும் அப்பா ஆவதில்லை. கடவுளோ இடையில் ஒரு நாள் தந்தையானவர் அல்லர், என்றென்றும் தந்தை. ஆகவே மகனும் என்றென்றும் இருக்கிறார். இதற்காக வாதாடிய ஆயர் புனித அத்தனாசியார் ஐந்து முறை நாடுகடத்தப்பட்டார்.

ஒரு சொல்லுக்காக இவ்வளவு பாடா? ஆம், நம் மீட்பே இதில் அடங்கியிருக்கிறது. சிலுவையில் தொங்கியவர் வெறும் படைப்பு என்றால், நம் துன்பத்தைக் கடவுள் தொலைவில் நின்று பார்த்தார் என்றே பொருள். சிலுவையில் துன்புற்றவர் தந்தை அல்லர், மகனே. ஆனால் அந்த மகன் கடவுள். நாசரேத்தில் தச்சுவேலை செய்த கைகள் கடவுளின் கைகள். ஓய்வுநாளில் நோயாளியைக் குணமாக்கியதற்காகக் குறைகூறியவர்களிடம், தந்தை இன்றும் செயலாற்றுகிறார், நானும் செயலாற்றுகிறேன் என்ற பொருளில் இயேசு பதிலளித்ததை யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். தந்தையின் வேலையும் மகனின் வேலையும் ஒன்றே.

இந்த மகன் வழியாகவே, திருமுழுக்கில், அருளால் நாமும் பிள்ளைகளானோம். அந்த இளைஞருக்கு நாம் சொன்ன பதிலும் இதுதான்: "தம்பி, கடவுள் ஆளை அனுப்பவில்லை. மகனில் அவரே நம்மிடம் வந்தார். கம்பெனியில் உன் ஒப்பந்தம் ஒரு நாள் முடியும். தந்தையின் வீட்டில் நீ ஒப்பந்தக்காரன் அல்ல, பிள்ளை."

இன்று வேலைக்குப் புறப்படும்போது, கம்பெனிப் பேருந்தில் அமர்ந்து, இயேசுவோடு சேர்ந்து ஒருமுறை அவரை "அப்பா" என்று அழைப்போம். ஆமென்.