ராசாத்தி வேஷம் யாருக்கு?

(இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றில் நடந்த வாசிகசாலை விழாவில் ஓர் ஆசிரியை ஆற்றிய உரை)

தாய்மார்களே, தகப்பன்மார்களே, விடியலில் பெரட்டுக்குப் போய், ரப்பர்ப் பால் வெட்டி, வாளி தூக்கி, வீட்டு வேலையும் பார்த்து, பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு இந்தக் கோவில் முன்றலுக்கு வந்திருக்கும் என் சொந்தங்களே!

போன ஞாயிற்றுக்கிழமை இதே இடத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் போட்டோம். 'தி லிட்டில் மெர்மெய்ட்', கடற்கன்னிப் படம். பாதிப் படம்கூட ஓடவில்லை, சத்தம் வந்துவிட்டது. "என்னாங்க டீச்சர், கறுப்புப் புள்ளய போயி கடல் ராசாத்தியா போட்டிருக்கானுங்க" என்று பின்னால் நின்ற தம்பிமார் கத்தினார்கள். "கார்ட்டூன்ல வெள்ளப் புள்ளதானே, செகப்பு முடியோட எம்புட்டு அழகா இருக்கும்" என்று ஓர் அக்காவும் சொன்னார். நான் முன்னால் பாயில் இருந்த பிள்ளைகளைப் பார்த்தேன். அதில் ஒரு சின்னப் பெண், ஏழு வயது இருக்கும், திரையில் அந்த நடிகை கையை நீட்டுகிற நேரம் தானும் கையை நீட்டிப் பார்த்தாள். பின்னால் இருந்து அந்தப் பேச்சு கேட்டதும் கையை மெதுவாக எடுத்துப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டாள்.

"படந்தானே டீச்சர், விட்டுருங்க" என்று என்னிடம் சொன்னார்கள். அந்தக் கை பாவாடைக்குள் போனதைப் பார்த்தவள் நான். விட முடியாது.

இந்தச் சண்டை நம் தோட்டத்தில் முளைத்தது அல்ல. 2019 ஜூலையில் டிஸ்னி கம்பனி, ஏரியல் என்ற அந்தக் கடற்கன்னியாக ஹாலி பெய்லி என்ற கறுப்பினப் பெண் நடிப்பார் என்று அறிவித்த நாளிலேயே உலகம் முழுக்க ஆரம்பித்துவிட்டது. "இது என் ஏரியல் இல்லை" என்று ஒரு பெரிய கூட்டம் எழுதியது. 2022 செப்டம்பரில் முன்னோட்டம் வந்தபோது இன்னும் மோசமாகத் திட்டினார்கள். அதே வாரத்தில் வேறொன்றும் நடந்தது. கறுப்பினச் சிறுமிகள் வீட்டுத் தொலைக்காட்சியில் அந்த முன்னோட்டத்தைப் பார்த்து, "அவ என்னய மாதிரியே இருக்கா" என்று வாயைப் பொத்திக்கொண்டு துள்ளுவதை அவர்களுடைய தாய்மார் படம் பிடித்துப் போட்டார்கள். படம் 2023 மே மாதம் வந்தது, சுமார் 57 கோடி டொலர் வசூலித்தது. ஆகவே கறுப்புக் கடற்கன்னியைப் பார்க்க ஆள் வரவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

"மூலக் கதையை மாத்தலாமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி போலத்தான் காதில் விழுகிறது. மூலக் கதை என்ன? 1837இல் டென்மார்க் நாட்டில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் எழுதியது. அதில் கடற்கன்னிக்கு இளவரசன் கிடைக்கவே மாட்டான். அவன் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்கிறான். இவள் கரைந்து கடல் நுரையாகி, பிறகு காற்றின் மகளாக மாறிப் போகிறாள். 1989இல் டிஸ்னி கார்ட்டூன் எடுத்தபோது அந்த முடிவைத் தூக்கி எறிந்துவிட்டுக் கல்யாணம் செய்து வைத்தது. கதையின் உயிரையே மாற்றினார்கள். அன்றைக்கு "மூலக் கதை போச்சே" என்று யார் தெருவில் இறங்கினார்கள்? முப்பது வருசம் கழித்துத் தோலின் நிறம் மாறியவுடன்தான் ஆண்டர்சன் மேல் இவ்வளவு பாசம் பொங்குகிறது!

மௌக்லியை எடுங்கள். 'ஜங்கிள் புக்' கதையில் வரும் மௌக்லி இந்தியக் காட்டுப் பிள்ளை. 1942இல் சாபு என்ற பையன் அந்த வேஷத்தில் நடித்தான். மைசூரில் ஒரு யானைப் பாகனின் மகன் அவன். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை, நம்மைப் போல. அதே கதையை டிஸ்னி 1994இல் மறுபடி எடுத்தபோது, சீன, ஹவாய் வம்சாவளியில் வந்த ஜேசன் ஸ்காட் லீயை மௌக்லியாகப் போட்டது. நல்ல நடிகர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் "இந்தியப் பிள்ளையின் வேஷத்தை ஏன் மாற்றினாய்" என்று உலகம் கொந்தளித்ததா? 'அலாதீன்' படத்தை 2019இல் மறுபடி எடுத்தபோது, சில ஆட்களுக்குத் தோல் கறுக்கச் சாயம் பூசி நிற்க வைத்ததை அந்தக் கம்பனியே ஒத்துக்கொண்டது. நம்ம நிறம் அவர்களுக்கு டப்பாவில் கிடைக்கிறது. அந்த நிறத்தோடு பிறந்த ஆளுக்கு மட்டும் வேலை இல்லை. இதைத்தான் கோடம்பாக்கமும் செய்கிறது. வடக்கிலிருந்து வெள்ளைத் தோல் நடிகையைக் கூட்டி வந்து, கூலிக்காரி வேஷம் என்றால் முகத்தில் கரியைத் தடவுகிறார்கள். கரி தடவாமலே அந்த நிறத்தில் இருக்கிற ஒருத்தி நடிக்கத் தெரியாமலா நிற்கிறாள்?

இதை நான் ஏன் இவ்வளவு சூடாகப் பேசுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது நடந்தது இது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு முடித்து டவுன் பாடசாலைக்குப் போன முதல் வருசம். ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டார்கள். தேவதை வேஷத்தின் வசனம் முழுவதும் எனக்கு மனப்பாடம். இஸ்தோப்பில் இருந்து அம்மாவுக்குச் சொல்லிக் காட்டி, தொங்கக் காம்பரா ஆட்கள் வரைக்கும் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டார்கள். ஒத்திகை நாளில் டீச்சர் பவுடர் டப்பாவைத் திறந்து, பஞ்சு உருண்டையை எடுத்து என் கன்னத்தில் ஒற்றினார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். இன்னும் ஒருமுறை ஒற்றினார். "சாம்பல் அப்பின மாதிரி இருக்கு, ஏற மாட்டேங்குது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் என் கன்னத்தைத் துடைத்தார். அவர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் துடைத்தார். தேவதை வேஷம் வேறொரு பிள்ளைக்குப் போனது. அந்தப் பிள்ளைக்கு வசனம் வராததால் நான் திரைக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு வரியாக எடுத்துக் கொடுத்தேன். என் குரல் மேடைக்குப் போனது. என் முகம் போகவில்லை.

"கம்பனிக்காரன் காசுக்காகத்தானே கறுப்புப் பிள்ளையைப் போட்டான்" என்று படித்த தம்பி ஒருவர் என்னிடம் வாதாடினார். ஆமாம் தம்பி, காசுக்காகத்தான். டிஸ்னியைப் புரட்சிக்காரன் என்று நான் சொல்லவில்லை. வெள்ளைப் பிள்ளைகளைப் போட்ட காலத்திலும் காசுக்காகத்தான் போட்டான். ஆனால் பாயில் இருந்த அந்த ஏழு வயதுப் பிள்ளை கம்பனியின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கவில்லை, ஒரு கையைப் பார்த்தாள். அவளுக்குக் கிடைத்ததை நீங்கள் ஏன் பிடுங்கினீர்கள்?

காசுக்காரன் எப்படிக் கணக்குப் போடுவான் என்பதற்கு இன்னொரு படம் இருக்கிறது. 2025இல் வந்த 'ஸ்னோ வைட்', அந்தப் பனி வெண்ணிற இளவரசிக் கதை. ரேச்சல் செக்லர் என்ற நடிகைக்குத் தாய்வழியில் கொலம்பிய இரத்தம், அதனால் அவர் பனிபோல் வெள்ளை இல்லை என்று ஆரம்பித்து வருசக் கணக்காக வசை. அதை விடுங்கள். அந்தக் கதையில் ஏழு குள்ள மனிதர்கள் இருக்கிறார்களே, அவர்கள் யார்? சுரங்கம் தோண்டி இரத்தினக் கல் எடுக்கிற தொழிலாளிகள்! இரத்தினபுரிக்காரர்களுக்கு இதை நான் விளக்க வேண்டுமா? தோட்டத்தில் சம்பளம் போதாமல் மாணிக்கக் குழியில் இறங்குகிற, சேற்றுத் தண்ணீரில் இடுப்பளவு நின்று கூடையில் இல்லம் என்கிற மாணிக்க மண்ணை அலசுகிற நம் வீட்டுப் பையன்களின் வேலைதான் அது. அந்த ஏழு பேரையும் காட்டும் விதம் உயரம் குறைந்தவர்களை இழிவுபடுத்துகிறது என்று, தானும் உயரம் குறைந்தவரான நடிகர் பீட்டர் டிங்க்லேஜ் 2022இல் கண்டித்தார். கம்பனி என்ன செய்தது? அந்த ஏழு வேஷத்தையும் கம்ப்யூட்டரிலேயே செய்துகொண்டது. உயரம் குறைந்த மற்ற நடிகர்கள் சிலர், "எங்களுக்குக் கிடைக்கிறதே இந்த மாதிரி வேஷந்தான், அதுவும் போச்சே" என்று வயிறெரிந்து பேசினார்கள். இளவரசியின் நிறத்துக்காக உலகம் பிளந்து நின்றது. கல் தோண்டுகிற ஏழு பேருக்காக எழுந்த சத்தம் அதில் காற்பங்குகூட இல்லை.

உழைக்கிறவன் கதையிலிருந்து காணாமல் போனால் யாரும் தேடுவதில்லை. இதற்கு ஹொலிவுட் வரை போகத் தேவையில்லை, கித்துல்கலைக்குப் போனால் போதும். நம் சப்ரகமுவ மாகாணம், கேகாலை மாவட்டம், யட்டியாந்தோட்டைக்கு மேலே களனி கங்கைக் கரை. 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் பாலத்தை அங்கேதான் கட்டி அங்கேதான் வெடிக்க வைத்தார்கள். 1957இல் வந்து ஏழு ஒஸ்கார் வாங்கிய படம். இன்றைக்கும் வெள்ளைக்காரர்கள் அந்த இடத்தைத் தேடி வருகிறார்கள். ஜப்பான்காரன் பிடித்து வைத்த வெள்ளைச் சிப்பாய்கள் சயாம், பர்மா ரயில் பாதைக்குப் பாலம் கட்டுகிற கதை அது. உண்மையில் 1942, 43இல் அந்தப் பாதையைப் போட்டது சிப்பாய்கள் மட்டும்தானா? மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரமாய்த் தமிழ்த் தொழிலாளிகளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். காலராவிலும் பசியிலும் ஆசியத் தொழிலாளிகள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். சிப்பாய்களில் செத்தவர்களைவிட அவர்களில் செத்தவர்கள் பல மடங்கு. நம்மைப் போலவே பால் வெட்டிய தமிழர்கள் அய்யா! ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்த நம் மாகாணத்திலே படம் எடுத்தவர்களுக்கு, அந்தத் தொழிலாளிகளுக்கு ஒரு வேஷம் எழுதத் தோன்றவில்லை. "மூலக் கதைக்கு மோசம் செய்துவிட்டார்கள்" என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் அதில் அர்த்தம் இருந்திருக்கும்.

கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் கதையும் அப்படித்தான். அவர் பாட்டனார் இந்தியாவிலிருந்து தோட்டத்து வேலைக்கு வந்தவர். முரளியின் வாழ்க்கையை '800' என்று படமாக்கப் புறப்பட்டபோது நடிகர் விஜய் சேதுபதி நடிப்பதாக இருந்தது. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்து 2020 அக்டோபரில் சேதுபதி விலகினார். பிறகு ஆக்ராவில் பிறந்த மதுர் மிட்டல் நடித்து 2023இல் படம் வந்தது. அந்த எதிர்ப்பின் அரசியலுக்குள் நான் இப்போது போகவில்லை. முரளி என்ன சொன்னார், யார் நடிக்கக் கூடாது என்று எத்தனையோ நாள் பேசினார்கள். மலையகத்துப் பையன் ஒருவனைத் தேடிப் பார்க்கலாமே என்று ஒரு குரல்கூட என் காதில் விழவில்லை. கோடம்பாக்கத்துக்கு இலங்கைத் தமிழ் என்றால் யாழ்ப்பாணம் போல இழுத்துப் பேசுகிற ஒரே பேச்சுதான். நம் பேச்சு அங்கே இல்லை. 1975இல் வி.பி. கணேசன் 'புதிய காற்று' எடுத்து, தானே கதாநாயகனாக நடித்துத் தோட்டத்து வாழ்வைத் திரைக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நாம் எத்தனை படத்தில் நம்மைப் பார்த்தோம், விரல் விட்டுச் சொல்லுங்கள்.

ஆனால் முகம் தெரியாத சனமாகவா நம் தாத்தாமார் இருந்தார்கள்? மாசி மாதம் காமன் கூத்து ஆடியதை மறந்துவிட்டீர்களா? பகல் முழுக்கக் கொந்தரப்பு வெட்டியவன் இராத்திரி மன்மதன். முகம் கறுத்து, காலில் அட்டை கடித்த தழும்போடு நின்றவன்தான் ரதி. அரிதாரம் பூசி, சலங்கை கட்டி, தப்பு முழங்க அவன் வந்து நின்றால், இந்தக் கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. "ரதி இவ்வளவு கறுப்பா?" என்று எந்தக் கிழவியும் கேட்டதில்லை. குறையும் இருந்தது, மறைக்க மாட்டேன். ரதி வேஷத்தைக்கூட ஆண்தான் கட்டினான், நம் பெண் பிள்ளைகளை ஓரமாக நின்று பார்க்கத்தான் விட்டோம். ஆனால் கடவுள் வேஷத்தை நம்ம ஆளுக்குக் கட்டிப் பார்க்கிற தைரியம் நமக்கு இருந்தது. வெள்ளைக்காரத் துரை காலத்தில் இருந்த அந்தத் தைரியம் இன்றைக்குக் கையில் போன் வைத்திருக்கிற நமக்கு இல்லாமல் போனது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அதனால்தான் வாசிகசாலைப் பிள்ளைகள் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு இந்த முன்றலில் கடற்கன்னி நாடகம் போடுகிறோம். நாம் கடலைக் கண்டதில்லை, ஆகவே அவள் களு கங்கையில் வருவாள். அவளைக் கரையில் முதலில் காண்கிறவர்கள் மாணிக்கக் குழி வேலை முடிந்து வரும் ஏழு பேர். அந்த ஏழு வேஷத்துக்கும் குழிக்குப் போகிற தம்பிமாரே வர வேண்டும், போன ஞாயிறு பின்னால் நின்று கத்தினவர்கள் உட்பட. ராசாத்தி வேஷத்துக்குப் பெண் பிள்ளை ஒருத்தி வசனம் பேசிக் காட்டட்டும், யாருடைய குரல் கடைசி வரிசை வரை போகிறதோ அவளுக்கு. நிறம் பார்க்க மாட்டோம், எந்த லயம் என்று கேட்க மாட்டோம், சாதி விசாரிக்க மாட்டோம்.

பேர் எழுதுகிற கொப்பி என் கையில் இருக்கிறது. முதல் பேர் ஏற்கெனவே விழுந்துவிட்டது. பாயில் இருந்த அந்தப் பிள்ளை நேற்று அவள் ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து தானே எழுதிவிட்டுப் போனாள். மற்றப் பிள்ளைகளைச் சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அனுப்பி வையுங்கள் தாய்மாரே. தலை வாரி, முகம் கழுவி அனுப்பினால் போதும். பவுடர் போட வேண்டாம்.