தேடலும் தெரிவும்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றிப் பேச வந்த நாம், பந்தையும் மட்டையையும் விட்டுவிட்டுத் தேடலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றால் சிலர் வியக்கக்கூடும். ஆயினும் இன்றைய இரசிகன் மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் நேரமும், கைத்தொலைபேசியில் ஆட்டக் கணக்குகளைத் துருவும் நேரமும் ஒன்றுக்கொன்று குறைந்தவை அல்ல. ஆகவே இரசிகர்களுக்கான ஓர் இணையத்தளத்தில் தேடும் வழி எவ்வாறு அமைய வேண்டும் என்று சிந்திப்பது வீண் வேலையாகாது.

கிரிக்கெட் உலகில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1993ஆம் ஆண்டில் சைமன் கிங் என்பவர் தொடங்கிய கிரிக்இன்ஃபோ, தொண்டர்களின் உழைப்பினால் வளர்ந்தது. அதிலே திராவிஸ் பசேவி என்பவர் அமைத்த ஸ்டாட்ஸ்குரு என்னும் கருவியில், எதிரணி, மைதானம், சொந்த நாடா வெளிநாடா, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்று நாமே தெரிவு செய்து கணக்கைப் பெறலாம்.

இத்தகைய தெரிவு எத்துணை வலிமை வாய்ந்தது என்பதற்கு நம் நாட்டு முத்தையா முரளிதரனையே எடுத்துக்கொள்வோம். 2010ஆம் ஆண்டு ஜூலையில் காலி மைதானத்தில் அவர் தம் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்தினார். "இலங்கை அணி" என்று மட்டும் தெரிவு செய்து பாருங்கள். 800 என்பது 795 ஆகிவிடும். எஞ்சிய ஐந்தும் 2005இல் சிட்னியில் உலக அணிக்காக ஆடியபோது பெற்றவை. பங்களாதேஷையும் சிம்பாப்வேயையும் நீக்கிப் பாருங்கள். 176 குறைந்து 624 ஆகும். அதே நீக்கத்தைச் செய்தால் ஷேன் வார்னின் 708 விக்கெட்டுகளில் 17 மட்டுமே குறைந்து 691 நிற்கும். உடனே ஒரு சாரார், "வார்னே பெரியவர்" என்பர். மறு சாரார், "தமக்கு முன் வந்த அணியோடு ஆடியது முரளியின் குற்றமா?" என்பர்.

எண்கள் எல்லாம் உண்மையானவையே. எதைச் சேர்த்தோம், எதை நீக்கினோம் என்பதிலேதான் வழக்கு எழுகின்றது. எனவே முதல் விதி இதுவாக இருக்கட்டும்: இரசிகனுக்குக் காட்டப்படும் விடையின் தலையிலேயே, எவை நீக்கப்பட்டன என்று எழுதப்பட வேண்டும். ஒரே தட்டில் அந்த நீக்கத்தை விலக்கவும் முடிய வேண்டும். மறைவாக வடிகட்டும் தளம், அரைக் கணக்கை முழுக் கணக்கென்று காட்டும் கணக்கப்பிள்ளைக்கு ஒப்பாகும்.

இரண்டாவது விடயம் பெயர்களைப் பற்றியது. இது நம் கரையோரத்தவர்க்கு மிக நெருங்கியது. தமிழில் "த" ஒரே எழுத்து. ஆங்கிலத்தில் எழுதும்போதோ ஒருவர் டீ-எச் இடுவார், மற்றவர் டி இடுவார். முரளிதரனுடைய பெயரே இவ்விரு விதமாகவும் அச்சில் வந்துள்ளது. நிந்தவூரும் சாய்ந்தமருதும் அவ்வாறே இரண்டு விதமாக எழுதப்படுகின்றன. நம் முஸ்லிம் சகோதரர்களின் முகம்மது என்னும் பெயரோ ஆங்கிலத்தில் பல விதம். தமிழிலும் முகமது, முகம்மது, முஹம்மத் என்று பல விதம். ஓர் எழுத்து மாறியதற்காக "அப்படி ஒருவர் இல்லை" என்று ஒரு தளம் விடை கூறினால், அந்த ஆட்டக்காரனின் உழைப்பே இல்லாமற் போய்விடுகின்றது.

இதற்கு மருந்து புதிதன்று. 1918ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ராபர்ட் ரசல் என்பவர் சவுண்டெக்ஸ் என்னும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். முதலெழுத்தை அப்படியே வைத்து, உயிரெழுத்துக்களைத் தள்ளி, ஒலியில் நெருங்கிய மெய்களுக்கு ஒரே இலக்கம் கொடுப்பது அதன் சாரம். டீயும் டியும் அங்கே ஒரே இலக்கம் பெறும். ஆதலால் முரளிதரனின் இரு வடிவங்களும் ஒரே குறியீட்டில் அடங்கும். முகம்மதுவின் வழக்கமான ஆங்கில வடிவங்களும் அடங்கும். ஆனால் முதலெழுத்தே மாறினால் அம்முறை தோற்றுவிடும். ஒருவர் ஸஹீர் என்றும் மற்றவர் ஜஹீர் என்றும் எழுதினால் அது கைவிடும். ஆகவே ஆங்கில ஒலிக்கு அமைந்த முறையை அப்படியே ஏற்காமல், நம் பெயர்களுக்கு ஏற்ற ஒலிப் பட்டியலை நாமே ஆக்க வேண்டும்.

முன்னெழுத்துக்களையும் மறக்கலாகாது. மேல்நாட்டார் குடும்பப் பெயரால் தேடுவர். நம்மவரிடத்திலே முன்னெழுத்து பெரும்பாலும் தந்தையாருடைய பெயரைக் குறிக்கும். அழைக்கும் பெயர் வேறு. "குடும்பப் பெயர்" என்று ஒரே ஒரு பெட்டியை வைத்து நம்மைத் தேடினால், மகனைக் கேட்டவனுக்குத் தந்தை கிடைப்பார்.

அன்பர்களே, இவையெல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு குறை எஞ்சும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கல்முனையிலும் பாண்டிருப்பிலும் மருதமுனையிலும் காரைதீவிலும் எத்தனை உதைபந்தாட்டங்கள், எத்தனை கிரிக்கெட் போட்டிகள் நடந்தேறின! அவற்றின் கணக்கு எங்கே எழுதப்பட்டிருக்கின்றது? 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது இக்கரையில் உயிர்களும் வீடுகளும் போயின. அவ்வீடுகளில் இருந்த கடதாசிகளும் போயின. உயிரிழப்பின் முன் அவை சிறியவையே. எனினும் ஓர் ஊரின் நினைவு அவற்றில்தான் இருந்தது.

ஆதலால் வாலிபர்களை நாம் வேண்டுவது இதுவே. இவ்வாண்டு முதல் ஒவ்வொரு போட்டிக்கும் திகதி, மைதானம், இரு அணியினரின் முழுப் பெயர், முடிவு ஆகியவற்றைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கில எழுத்து வடிவத்தைப் பக்கத்தில் குறியுங்கள். எதிரணியின் பெயர்களை அவர்களிடமே கேட்டு, அவர்கள் எழுதும் விதமாகவே எழுதுங்கள். அயலூர் முஸ்லிம் இளைஞனின் பெயர் நம் குறிப்பேட்டில் பிழையின்றி இருப்பதும் அயலுறவின் ஓர் அடையாளம். பெண்பிள்ளைகளின் ஆட்டங்களையும் அதே ஏட்டில் எழுதுங்கள். அதன் பிரதியை வேறோர் ஊரிலும் வையுங்கள்.

பெரியோர்களும் நினைவில் உள்ளவற்றைச் சொல்லி எழுதுவிக்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்டால்தான் உண்டு. நாளை எவரோ அமைக்கும் தேடுதளத்தில், தன் பாட்டனார் ஆடிய ஆட்டத்தை ஒரு பேரப்பிள்ளை தேடக்கூடும். அப்போது விடை கிடைப்பதும் கிடைக்காததும் இன்று நாம் எடுக்கும் பேனாவில் இருக்கின்றது.