எட்டயபுரத்துச் சுப்பையா



தமிழாசிரியர் ஒருவரின் நினைவாக நடக்கும் பொழிவு இது. நம் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவனைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். 1882 டிசம்பர் 11இல் எட்டயபுரத்தில் பிறந்தவன். வீட்டில் சுப்பையா. ஐந்து வயதில் தாயை இழந்தான். பதினொரு வயதில் அரண்மனைப் புலவர்கள் அவனுக்குப் 'பாரதி' என்று பட்டம் சூட்டினார்கள். நம் மேடைகள் இந்தப் பட்டத்தோடு கதையை முடித்துவிட்டு, நேரே சுதந்திரப் போருக்குத் தாவிவிடும். அந்தப் பிள்ளையை யாரும் கேட்பதில்லை.

அவனே சொல்லியிருக்கிறான். 1910இல் புதுச்சேரியிலிருந்து வெளியிட்ட 'கனவு' அவனுடைய சுயசரிதைப் பாட்டு. சக வயதுப் பையன்கள் குட்டையில் நீந்தினார்கள், மரம் ஏறினார்கள். அப்பாவின் கட்டளைக்குப் பயந்து இவன் தெருவிளையாட்டு எதிலும் சேரவில்லை. புத்தகக் கட்டோடு தனியாக, தோழமை இல்லாமல் வருந்தினேன் என்கிறான். 

அந்தத் தனிமைக்குள்தான் ஒரு சிறுமி வருகிறாள். அவளுக்கு ஒன்பது வயது, இவனுக்குப் பத்து. அவள் நீரெடுக்கப் போகும் வழியில் இவன் காத்திருப்பான். பேசத் துணிவில்லை, அவள் போகும் திசையைப் பார்த்துக்கொண்டே நிற்பான். ஒரு திருவாதிரை நாளில் சிவன் கோயில் மண்டபத்தில் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பேச்சின் நடுவே அவள் எழுந்து மறைகிறாள். திரும்பி வரும்போது கையில் மை. பொட்டு வைக்கிறேன் என்று சொல்லி, இவன் நெற்றியில் இட்டுவிடுகிறாள். பையன் நிலைகுலைந்து போகிறான்.

இதை எழுதும்போது அவருக்கு வயது இருபத்தேழு, இருபத்தெட்டு. தேசமறிந்த பத்திரிகையாசிரியர், போலீஸ் கண்காணிப்பில் இருப்பவர், மனைவி மக்களோடு வாழ்பவர். பிள்ளைப் பருவத்து நினைப்பு என்று சிரித்து ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்கவில்லை. அந்த மைப்பொட்டுக்குத் தன் வாழ்க்கைக் கதையில் பெரிய இடம் கொடுத்தார். அவர் எழுதியவற்றிலேயே மிகத் துணிச்சலான பக்கங்கள் இவைதாம் என்பேன். அவருடைய 'ஆறில் ஒரு பங்கு' கதையோடு இந்தக் 'கனவை'யும் 1911இல் ஆங்கில அரசு தடை செய்தது. ஒரு சிறுவனின் காதலும் அந்தத் தடைக்குள் அகப்பட்டுக்கொண்டது.

பள்ளிக்கூடம் அவனுக்கு ஒத்துவரவில்லை. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்த காலத்தைக் கசப்போடுதான் எழுதுகிறான். அப்பாவுக்கு ஆயிரம் ரூபாய் செலவு, தனக்கு எள்ளளவும் நன்மை இல்லை என்று கணக்குச் சொல்கிறான். அப்பா சின்னசாமி ஐயர் கரிசல் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் ஆலை வைத்து நொடித்துப்போனவர். பருத்தியில் கை சுட்ட குடும்பம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படிப்புக்குப் பணம் வேண்டும் என்று 1897 ஜனவரியில் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளாகவே விண்ணப்பம் எழுதினான். வயது பதினான்கு. அதே ஆண்டில் செல்லம்மாவோடு கல்யாணம். மறு ஆண்டு அப்பாவும் போய்விட்டார். பிறகு காசியில் அத்தை வீடு. அங்கே குடுமியை எடுத்து, மீசை வைத்து, தலைப்பாகை கட்டிக்கொண்டான். நாம் படத்தில் கும்பிடும் தோற்றம், தன்னை யாராவது ஏறிட்டுப் பார்க்கமாட்டார்களா என்று ஏங்கிய பிள்ளை தானே தேடிக்கொண்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

1904இல் மதுரை 'விவேகபானு' இதழில் அவருடைய கவிதை முதன்முதலாக அச்சேறியது. அதன் தலைப்பு 'தனிமை இரக்கம்'.

ஆசிரியர்களே, உங்கள் பத்தாம் வகுப்பிலும் ஒருவன் இருப்பான். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிருப்பாள். அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீளமான புனைபெயரில் கையெழுத்துப் போட்டுப் பழகிக்கொண்டிருப்பான். அதற்கு முந்தைய பக்கத்தில் ஒரு பெண்ணின் பெயருக்கு முதலெழுத்து மட்டும் இருக்கும். அந்த நோட்டை வகுப்பின் முன்னால் உயர்த்திப் பிடித்து வாசிக்காதீர்கள். அந்தச் சிரிப்பைத் தாங்கும் வயது இல்லை அது.

வரும் டிசம்பர் 11இல் பேச்சுப்போட்டி வழக்கம்போல் நடக்கட்டும். அதோடு ஒரு பாடவேளை ஒதுக்கி, 'கனவு' முழுவதையும் யாராவது ஒருவர் நிதானமாக வாசியுங்கள். மனப்பாடம் வேண்டாம், கேள்வித்தாளும் வேண்டாம்.