பின் சீட்டுக்கு ஓட்டு உண்டா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிரேக் டிசைன் பண்ணுகிறவன் பிரேக்கைப் பற்றித்தான் பேசுவான் என்று சங்கச் செயலாளர் நினைத்திருந்தார். காதல் நாவலைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "குடும்பத்தோட வர்றாங்க சார்" என்றார். பயப்பட வேண்டாம், குடும்பத்தோடு கேட்கலாம்.

2014-ல் கம்பெனி வேலையாக இரண்டு வருடம் அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் இருந்தேன். குளிர்காலத்தில் அங்கே சாயங்காலமே இருட்டிவிடும். ரூமுக்குப் போனால் செய்வதற்கு ஒன்றுமில்லை. என்னோடு டெஸ்ட் லேபில் வேலை பார்த்த ஐம்பது வயது அம்மா ஒருவர் ஒரு பை நிறைய நாவல்களைக் கொடுத்தார். "நீ பைக் ஆளாச்சே, படி" என்றார். அட்டையைப் பார்த்தால் சட்டை போடாத ஒரு மனிதர், உடம்பெல்லாம் பச்சை குத்தியிருக்கிறது. நான் பள்ளிக்கூட நோட்டுக்குப் போடுவதுபோல பிரவுன் பேப்பர் அட்டை போட்டுத்தான் படித்தேன்.

மோட்டார்சைக்கிள் கிளப் காதல் கதைகள் அங்கே ஒரு தனி வகை. 'சன்ஸ் ஆஃப் அனார்க்கி' என்ற டி.வி. தொடர் 2008 முதல் 2014 வரை ஓடியது. அது ஓடிக்கொண்டிருந்தபோதே நாவல்களும் வர ஆரம்பித்துவிட்டன. கிறிஸ்டன் ஆஷ்லியின் 'மோட்டார்சைக்கிள் மேன்' 2012-ல் வந்தது. டென்வர் நகரில் ஒரு மெக்கானிக் ஷெட்டுக்கு ஆபீஸ் வேலைக்கு வரும் பெண்ணும், அந்த ஷெட்டை நடத்தும் கிளப்பின் தலைவனும்தான் கதை. இதற்கெல்லாம் பூர்வீகம் 1947. அந்த வருடம் ஜூலை மாதம் கலிபோர்னியாவில் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் பைக்காரர்கள் கூடிக் குடித்து ரகளை செய்தார்கள். 'லைஃப்' பத்திரிகை போட்டோ போட்டது, ஊரே பயந்தது. 1953-ல் மார்லன் பிராண்டோ அதையே 'தி ஒயில்டு ஒன்' படத்தில் நடித்தார். பிரிட்டனில் அந்தப் படத்துக்கு 1967 வரை சென்சார் சர்டிபிகேட் கொடுக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொல்கிறேன், முதல் புத்தகத்தை ராத்திரி இரண்டு மணி வரை கீழே வைக்கவில்லை. முரடன் ஒருவன் ஒருத்தியிடம் மட்டும் அடங்கிப் போவதைப் படிக்க யாருக்குத்தான் பிடிக்காது? ஆனாலும் உள்ளே இருக்கும் இன்ஜினியர் சும்மா இருக்க மாட்டான். ஹார்லியின் இன்ஜினில் இரண்டு சிலிண்டரும் 45 டிகிரியில், ஒரே கிராங்க் பின்னில். அதனால் 315 டிகிரிக்கு ஒரு தடவை, 405 டிகிரிக்கு ஒரு தடவை என்று நொண்டி நொண்டி வெடிக்கும். அந்தச் சத்தத்துக்கே டிரேட் மார்க் கேட்டு 1994-ல் கம்பெனி மனுப் போட்டு, 2000-ல் வாபஸ் வாங்கியது. இந்தச் சத்தத்தில், நெடுஞ்சாலைக் காற்றில், பின்னால் இருக்கும் கதாநாயகி அவன் காதில் கிசுகிசுக்கிறாள், அவனும் பதில் சொல்கிறான்! நான் என் மனைவியை வைத்து ஓட்டினால் 40 கி.மீ. வேகத்திலேயே "என்ன? என்ன?" தான்.

சிரித்துவிட்டேன். நான்கைந்து புத்தகம் முடிந்தபிறகு வேறொன்று உறுத்த ஆரம்பித்தது.

அந்த கிளப்பில் தலைவர், உபதலைவர், ரோட் கேப்டன் என்று பதவிகள் உண்டு. புதிதாகச் சேருகிறவன் எடுபிடி வேலை செய்து காத்திருக்க வேண்டும். முதுகில் பேட்ச் தைத்த தோல் கோட்டுதான் மரியாதை. கதவைச் சாத்திக்கொண்டு கூட்டம் போடுவார்கள். பெண்களுக்கு அங்கே இடமில்லை. தலைவனின் காதலியே ஆனாலும் அவளுக்கு ஓட்டு கிடையாது. அவள் கோட்டின் முதுகில் 'இன்னாரின் சொத்து' என்று எழுதியிருக்கும். அதையே தலைப்பாக வைத்து 2013-ல் ஜோனா வைல்ட் ஒரு நாவல் எழுதினார், 'ரீப்பர்ஸ் ப்ராப்பர்ட்டி' என்று. கூட்டத்தில் பகை முடிவாகிறது, கடத்தப்படுவது அவள். "உன் பாதுகாப்புக்காகத்தான்" என்று சொல்லாமல் விட்டுப்போவது அவன், அழுவது அவள். கடைசியில் சேர்ந்துவிடுவார்கள், அது இந்த வகைக் கதையின் சட்டம். ஆனால் அந்த மூடிய கதவு திறந்து நான் படித்த எதிலும் பார்க்கவில்லை.

நாவலில் ஆபத்து எதிரி கிளப்பின் துப்பாக்கியில் இருக்கிறது. ரோட்டில் அப்படி இல்லை. ஹாரி ஹர்ட் என்ற ஆராய்ச்சியாளர் குழு லாஸ் ஏஞ்சலஸில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-ல் அறிக்கை கொடுத்தது. முக்கால்வாசி விபத்து இன்னொரு வண்டியோடு மோதியது. எதிரே வந்த கார்க்காரர் பைக்கைக் கவனிக்காமல் குறுக்கே திரும்பியது அதில் சர்வசாதாரணம். வில்லன் வெறுமனே கடைக்குப் போகிற மனிதர்!

நான் போவதற்கு முன்பே, 2012-ல், மிச்சிகனில் எல்லோருக்கும் கட்டாயமாக இருந்த ஹெல்மெட் சட்டத்தைத் தளர்த்தியிருந்தார்கள். கோடைக்காலத்தில் வெறுந்தலையோடு ஜோடி ஜோடியாகப் போவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒருவன் ஞாபகம் வரும். அவன் இந்த ஹாலில் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறான். பெயரைச் சொல்லக்கூடாது என்று கண்டிஷன் போட்டிருக்கிறான்.

மூன்றாம் வருடம், நம் செட்டிலும் ஒரு 'கிளப்' இருந்தது. ஆறு பைக், முதுகில் பேட்ச் கிடையாது, மற்ற அலட்டல் எல்லாம் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பைபாஸில் இவனைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு லாரியை முந்தினேன். என் தலையில் ஹெல்மெட், அவன் தலையில் ஒன்றுமில்லை. 1988-ம் வருடச் சட்டத்திலேயே இரண்டு பேருக்கும் வேண்டும் என்றுதான் இருக்கிறது. எதிரே பஸ் வந்தது, நான் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே திருப்பினேன், மண்ணில் சறுக்கியது. எனக்கு முழங்காலில் சிராய்ப்பு. அவனுக்குத் தலையில் அடி. பதினொரு நாள் ஆஸ்பத்திரி, ஒரு செமஸ்டர் போச்சு. வாசனை தெரியும் சக்தி அன்றோடு போய்விட்டது, இன்றுவரை வரவில்லை. "ஹாஸ்டல் சாம்பாருக்கு அதுதாண்டா நல்லது" என்று அவனே ஜோக் அடிப்பான். அவனுடைய குழந்தை பிறந்தபோது போன் பண்ணினான். "பாப்பா வாசனை எப்படிடா இருக்கும்?" என்று என்னைக் கேட்டான். சொல்லத் தெரியவில்லை.

நாய் குறுக்கே வந்தது என்றுதான் வார்டனிடம் சொன்னேன், அவன் அப்பாவிடமும் சொன்னேன். நாய் வரவில்லை. லாரியை முந்துவதற்கு முன்னால் அவன் என் தோளை இரண்டு தடவை தட்டினான், வேண்டாம் என்று. எனக்குத் தெரிந்தது. கியரைக் குறைத்து ஆக்சிலேட்டரை முறுக்கினேன்.

போன மாதம் இதை அவனிடம் சொல்லி, மேடையில் சொல்லட்டுமா என்று கேட்டேன். "நாய் இல்லைன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா, பின்னால உட்கார்ந்திருந்தது நான்தானே" என்றான். இன்று காலை பஸ் ஸ்டாண்டிலிருந்து அவனை அழைத்து வரப் போனேன், காரில்தான். சாவியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு அவனே ஓட்டி வந்தான்.